உயிரோடு இருப்பவரின் பாட்டு

ஒலிநாடாக்கள் இருக்கும் அறையில் ஏசி ஓயாமல் ஓடும் என்பதால் கோடையிலும் நான் ஸ்வெட்டரோடுதான் வேலைக்குப் போவேன். வீட்டில் மனைவிக்கு அது ஓயாத கேலி. அன்றைக்கும் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், ஐயா. மொட்டைமாடியில் என்னைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அடையாளம் சரிதான். வயதானவர், அவரை இனி ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க வேண்டாம்.

நூலகத்தில் எந்த இசைப்பதிவை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துக்கட்டுவது என்று பார்ப்பது என் வேலை. நாடா நாளாக ஆகப் பொடிந்துபோகும். அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் மாற்ற ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஒன்றைக் காப்பாற்றினால் பத்து போகும். வெளியே இருப்பவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். பழகிவிட்டால் கை நடுங்காது.

என் அண்ணி பாடிய நாடா ஒன்று அங்கே இருந்தது. வாலிபத்தில் நானே பதிவு செய்து நூலகத்துக்குக் கொடுத்தது. அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தேன். அண்ணிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஓர் இடத்தில்கூடப் பிசிறு தட்டவில்லை. அப்படி ஒரு பதிவை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை. யாரும் செய்ததில்லை என்றுதான் சொல்வேன்.

தேர்வுக் கூட்டத்தில் தலைமை நூலகர் அதை ஒதுக்கிவிட்டார்.

"பாடினவங்க உயிரோடதானே இருக்காங்க?" என்றார். "போய்ச் சேர்ந்தவங்க பாட்டை முதல்ல காப்பாத்துவோம். உங்க அண்ணியைத் திரும்பப் பாட வெச்சு எடுத்துட்டா போச்சு."

நியாயமான விதி. நான் எதிர்க்கவில்லை. அண்ணியின் குரல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு சின்ன ரெக்கார்டரை என் கையில் திணித்தார்.

"எதுக்கும் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

மத்தியானம் போனேன். அண்ணன் போனபின் அண்ணி தனியாகத்தான் இருந்தார்.

"வாப்பா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கதவைத் திறந்தார். "துணி காயுது. எடுத்துட்டு வந்து காபி போடறேன்."

நானும் அவர் பின்னால் மாடி ஏறினேன்.

"இப்பல்லாம் பாடறதுண்டா அண்ணி?"

"யாரு கேக்கப் போறா? துணி மடிக்கிறப்ப முணுமுணுப்பேன்," என்று சிரித்தார். பிறகு நாடாவில் இருந்த அதே பாட்டைப் பாடினார்.

ஐயா, எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. குரல் போகவில்லை. கொஞ்சம் தணிந்திருந்தது, கனிந்திருந்தது. நாடாவில் அவசரமாகத் தாண்டிப்போன ஓரிடத்தில் இப்போது நின்று, நிதானமாக இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போனால் பழைய நாடா குப்பைக்குத்தான் போகும் என்பதும் புரிந்தது. ஒரே பாட்டுக்கு இரண்டு பதிவு வைக்க மாட்டார்கள். ரெக்கார்டரைப் பையிலிருந்து நான் எடுக்கவேயில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணி," என்றேன். மனதாரச் சொன்னேன்.

அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். வெளிப்பக்கம் சரிந்துவிட்ட விரிப்பை இழுக்க அவர் குனிந்தார். நான் முதுகில் கை வைத்தேன். பெரிதாகத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைமை நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நாடாவை முதல் வரிசைக்கு ஏற்றினார். நானே உட்கார்ந்து கணினிக்கு மாற்றினேன். இனி அது அழியாது. அண்ணிக்காக இதைவிட யார் என்ன செய்திருக்க முடியும்? நூலகத்தின் இணையப் பக்கத்தில் அவர் பெயரைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பதிவு செய்தவர் என்று என் பெயரும் இருக்கிறது. அது நூலகத்தின் விதி, ஐயா, நான் கேட்டு வாங்கியதல்ல.