நிதானமாக என்றொரு தட்டு

அவையை நடத்தும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மூன்றாம் மாடியிலிருந்து முட்டிவலியோடு இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தோமா என்ற ஐயத்தை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எங்கள் கதவு எண்களை எங்களைவிடச் சரியாக அறிந்த தபால்காரர் அவர்களே! எல்லோருக்கும் இந்த எளியவனின் பணிவான வணக்கம்.

'வீட்டில் சேரும் காகிதங்களை அடக்கி ஆள்வது எப்படி?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. முப்பத்தாறு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தவன் என்பதால் தலைவர் என்னை அழைத்தார். "ரெண்டு வார்த்தை பேசினா போதும் சார்" என்றார். நான் ஏழு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், நான்கைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

என்ன, கேட்கவில்லையா? இதோ, மைக்குக்கு அருகே வருகிறேன்.

காகிதம் எப்படி வருகிறது? கதவைத் தட்டியா வருகிறது? இல்லை. கதவிடுக்கில் நுழைந்து வருகிறது. கடைப் பையோடு கலந்து வருகிறது. மேசை நிறைந்தால் மெத்தைக்கு அடியில் போகிறது; மெத்தை நிறைந்தால் மிக்சிப் பெட்டிக்குள் போகிறது. யாருக்கோ கொடுத்துவிட்ட இஸ்திரிப் பெட்டியின் உத்தரவாத அட்டையைப் பதினோரு ஆண்டுகள் காத்தவர்கள் நம்மில் இல்லையா? சிரிக்கிறீர்கள். அப்படியானால் இருக்கிறீர்கள்!

நான் ஒரு முறை வகுத்தேன். குப்பைக் கூடையை வாசற்கதவின் அருகிலேயே வைத்தேன். விளம்பரத் தாள் எதுவும் அதைத் தாண்டி உள்ளே வராது. மற்றவற்றுக்கு மூன்று தட்டுகள், மூன்று சீட்டுகள். 'இன்றே' என்பது ஒன்று, 'இந்த வாரம்' என்பது இன்னொன்று, மூன்றாவது 'நிதானமாக'. மின்சார ரசீதா? இன்றே! தண்ணீர் வாரிய அறிவிப்பா? இன்றே! ஆற அமர உட்கார்ந்து படித்து, அழகாகப் பதில் எழுத வேண்டிய கடிதமா? அது நிதானமாக.

என் வீட்டம்மா, அதோ மூன்றாம் வரிசையில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான், அன்றைக்கே கேட்டார்: "மூணு தட்டு போட்டீங்களே, எனக்கு எந்தத் தட்டு?" அதற்குப் பதிலையும் நிதானமாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு தம்பி, "ஸ்கேன் பண்ணி வெச்சுக்கலாமே சார்" என்கிறார். வைக்கலாம் தம்பி. ஆனால் பிரிக்காத உறையை எப்படி ஸ்கேன் செய்வது? நான் சொல்ல வந்தது அதைத்தான்.

எனக்கு ஒரே தங்கை, வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். வாயைத் திறந்தால் வண்டி நிற்காது. ஆனால் எனக்கு மட்டும் அவள் கடிதம்தான் எழுதுவாள். "போன்ல நீ 'ம்' மட்டும்தான் சொல்ற அண்ணா. அதுக்குச் சுவரோட பேசலாம்" என்பாள். எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் எழுதுவாள். பக்கத்து வீட்டுப் பூனை வரை எல்லாம் வரும்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்தோடு ஓர் உறை வந்தது. பார்த்ததுமே மகிழ்ச்சி. மகிழ்ச்சியை அவசரமாகப் படிக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை, தேநீரோடு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கலாம் என்று, பிரிக்காமலே மூன்றாம் தட்டில் வைத்தேன். அந்த ஞாயிறு உத்தரவாத அட்டைகளை அடுக்கினேன். அடுத்த ஞாயிறு, வெட்கத்தோடு சொல்கிறேன், தட்டுகளின் சீட்டுகள் மங்கிவிட்டன என்று புதிதாக எழுதி ஒட்டினேன்.

அந்தப் புதன்கிழமை மாலை தங்கை மகன் போன் செய்தான்.

"மாமா, அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. நல்லா இருக்காங்க."

"ஆபரேஷனா? என்னப்பா சொல்ற?"

"அம்மா உங்களுக்கு எழுதினாங்களே மாமா! நான் போன் பண்றேன்னு சொன்னேன். 'வேண்டாம், அண்ணனுக்கு நானே எழுதிட்டேன், வருவான்'னாங்க. நேத்து வரைக்கும் கதவையே பார்த்துட்டு இருந்தாங்க."

என் மனைவி எதிரில் நின்றார். "என்னங்க முழிக்கறீங்க? லெட்டரை வாங்கி நான்தானே உங்க கையில கொடுத்தேன்?"

உறையைப் பிரித்தேன். எட்டுப் பக்கம் இல்லை, நான்கே வரிகள். 'அண்ணா, தொண்டையில் கட்டி. வரும் புதனுக்கு அடுத்த புதன்கிழமை எடுக்கிறார்கள். அதன்பிறகு எனக்குக் குரல் இருக்காதாம். அதற்குள் ஒருநாள் வா, உன்னிடம் பேச வேண்டும்.'

பன்னிரண்டு நாட்கள், அன்பர்களே! பன்னிரண்டு நாட்கள் அந்தக் குரல் என் வீட்டு மேசைமீது காத்திருந்தது. தண்ணீர் வாரியத்துக்கு அன்றே பதில் போட்டவன், தங்கையைத் தட்டில் போட்டு வைத்தேன். வேண்டாதவளா அவள்? வெறுத்தவளா? இல்லை! மிகவும் வேண்டியவள் என்பதால் அல்லவா தள்ளி வைத்தேன்! இதைவிடக் கேவலமான ஒழுங்கு உலகில் உண்டா?

மறுநாள் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள், கழுத்தில் கட்டு, மடியில் ஒரு நோட்டு. "நான் பிரிக்கவே இல்லம்மா" என்றேன். அவள் எழுதிக் காட்டினாள்: 'தெரியும். பிரிச்சிருந்தா வந்திருப்ப.'

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"என்ன சொல்லணும்னு கூப்பிட்ட? இப்ப சொல்லும்மா, எழுதிக் காட்டு" என்று கெஞ்சினேன். நோட்டை எடுத்தாள், நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்தாள். பிறகு எழுதினாள்: 'அது சொல்றதுக்கு வெச்சிருந்தது அண்ணா. எழுதறதுக்கு இல்ல.'

ஆறு முறை போய் வந்துவிட்டேன். ஆறு முறையும் கேட்டுவிட்டேன். தலையை ஆட்டிச் சிரிக்கிறாளே தவிர எழுதவில்லை. அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

மன்னியுங்கள். ஒரு நிமிடம். தண்ணீர் இருக்கிறதா? நன்றி அம்மா.

தாய்மார்களே, பெரியோர்களே! காகிதத்தைக் கிழியுங்கள், அடுக்குங்கள், அடக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதக் கையால் எழுதப்பட்டு ஓர் உறை வந்தால், செருப்பைக் கழற்றும் முன் பிரியுங்கள்! கண்ணாடி இல்லையா, பக்கத்து வீட்டாரைப் படிக்கச் சொல்லுங்கள்! அழகான பதில் வரவில்லையா, அழகில்லாத பதிலை எழுதுங்கள்! 'வருகிறேன்' என்று ஒரே ஒரு சொல் போதும். அதற்கு ஞாயிறு எதற்கு? தேநீர் எதற்கு? அமைதி எதற்கு? அங்கே ஒருவர் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இங்கே நமக்கு நிதானம் எதற்கு?

கைதட்ட வேண்டாம். நான் அதற்குத் தகுதியானவனா என்று எனக்கே தெரியவில்லை. உங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் ஓர் உறையைப் பிரித்தால், இந்தக் கிழவன் மேடையேறியது வீணாகவில்லை.

பேச அழைத்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம், போய் வாருங்கள்.