சில்லுனு இருக்கா?

— இப்போ சொல்லு டீச்சரம்மா, சில்லுனு இருக்கா?

— இருக்குங்க.

— ரெண்டு காலுமா?

— ரெண்டும்தான்.

— பாத்தியா பாப்பா! அந்த மருந்து கேன்சரோட சேத்து உங்கம்மா காலையும் மரத்துப்போக வெச்சிடுச்சு. எங்கயோ வயரு லூசாயிருக்கு, அவ்ளோதான். ஓடுற தண்ணியில வெச்சா தன்னால கனெக்‌ஷன் வந்துடும்.

— அம்மா என்ன மிக்ஸியாப்பா? உன் எலக்ட்ரீஷியன் புத்தியை ஆத்தங்கரையிலயும் விடமாட்டியா? வெறுங்காலோட எங்கயும் நடக்கவேண்டாம்னுதானே டாக்டர் சொன்னாரு?

— அவரு உணர்ச்சி வந்தாலும் வரும், வராமலும் போகும்னாரு. அதைக் கேட்டுக்கிட்டு வீட்ல கிடந்திருந்தா இன்னைக்கு இந்தச் சில்லுனு வந்திருக்குமா? விடு. நான் இந்தப் புல்லுல கொஞ்சம் சாயுறேன். தூங்கல்லாம் மாட்டேன். மீன்கொத்தி வந்தா கூப்பிடுங்க, அவ்ளோதான்.

— சரிங்க.

— அம்மா.

— ம்.

— காலைத் தூக்கு. தண்ணி செவப்பா போகுது.

— எந்தக் காலு?

— இதும்மா, இது! ஐயோ, கிளிஞ்சல் உள்ள ஏறிக் கிடக்கு!

— கத்தாதே. பிடுங்கிப் போடு.

— வலிக்கலையா?

— இல்ல.

— அப்போ சில்லுனு இருக்குன்னது?

— நீ எறங்கும்போது ஆவுன்னு கத்தினியே. அதை வெச்சு சொன்னேன்.

— வாரா வாரம் இப்படித்தான் புளுகிட்டிருந்தியா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... புண்ணு சீழ் வெச்சா என்னம்மா பண்ணுவ? மறுபடியும் ஆஸ்பத்திரியா? என்னால முடியாது. அப்பாகிட்ட இப்பவே சொல்லப்போறேன். இனிமே இங்க வரவே வேண்டாம்.

— கைக்குட்டை இருந்தா குடு, கட்டிக்கிறேன்.

— அம்மா, நான் என்ன கேக்குறேன், நீ என்ன பேசுற?

— நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறம் வீட்ல உங்கப்பா தூங்கி நீ பாத்திருக்கியா?

— ...இல்ல.

— ராத்திரி பூரா என் மூக்குக்கிட்ட விரலை வெச்சு, மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. ஐசியூல ஒட்டிக்கிட்ட பழக்கம். நானும் கண்ணை மூடிக்கிட்டு தூங்குற மாதிரி கிடப்பேன். பாவமா இருக்கும். ஆனா அழுகை வராது. எல்லாமே இந்தக் காலு மாதிரிதான் இருக்கு எனக்கு.

— அம்மா...

— என் காலுக்காகவா இங்க வர்றேன்னு நெனச்ச? அந்தப் பக்கம் திரும்பிப் பாரு.

— குறட்டை!

— மெதுவாப் பேசு.

— வாயைப் பொளந்துக்கிட்டு எப்படித் தூங்குறாரு பாரேன். ஐயோ, மீன்கொத்தி அவரு தலைக்கு மேல கிளையிலயே வந்து உக்காந்திருக்கும்மா. கூப்பிடச் சொன்னாரே?

— வேண்டாம். பறந்து போகட்டும்.

— ...ஆங்? யாரு? டீச்சரம்மா... என்ன... சில்லுனு இருக்கா?

— ரொம்பச் சில்லுனு இருக்காம்ப்பா. நீ தூங்கு.