இறக்கை ஒட்டியாச்சு

சேவியர்: ...இல்லத்தா, இறக்கைய நான் போன வாரமே முடிச்சுட்டேன்னு சொன்னேன்ல? இப்ப வால் பக்கம் நிக்கிது வேலை.

அறிவு: ரெண்டு இறக்கையுமாப்பா?

சேவியர்: பின்ன? ஒத்த இறக்கைய வச்சுக்கிட்டு ஏரோப்பிளேன் நொண்டியடிக்குமா?

அறிவு: சரி சரி... மூக்கு மேல கோவம் வந்துரும். புனேயில உக்காந்துக்கிட்டு நான் என்னத்தக் கண்டேன். நீங்க சொன்னாத்தான தெரியும்.

சேவியர்: அதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லிக்கிட்டே இருக்கேனே. இன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்து சட்டைகூடக் கழட்டல, அதுக்குள்ள போன் அடிச்சுட்ட.

அறிவு: ஏழு வாரம் ஆச்சுப்பா, அந்தப் பொம்மை ஏரோப்பிளேன் பெட்டிய நான் அனுப்பி.

சேவியர்: ஏழா?... ஆமா, இருக்கும். நூத்தி எண்பது துண்டுல்ல? ஒவ்வொண்ணும் உளுந்து தண்டி. பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து நறுக்கி எடுத்து, பிசிறத் தேச்சு, பசை தொட்டு வச்சு... முப்பத்தஞ்சு வருசம் லாரிக்குப் பெயின்ட் அடிச்ச கைக்கே தண்ணி காட்டுது, போ.

அறிவு: பெயின்டர் சேவியருக்கேவா!

சேவியர்: கேலியா? கரூர் ரோட்டுப் பட்டறையில வந்து கேளு. சேவியர் கோடு இழுத்தா ஸ்கேல் எதுக்குடான்னு கேப்பாங்க.

அறிவு: எனக்குத் தெரியாதாக்கும். சடையாண்டி மாமா லாரி ஞாபகம் இருக்கா?

சேவியர்: மறப்பேனா... பின் கதவுல தாமரைப் பூ வரையச் சொன்னாரு மனுசன். நீ மூணாப்பு. பட்டறைக்குச் சோறு கொண்டாந்தவ, தாமரை வேணாம் ஏரோப்பிளேன் வேணும்னு தரையில உருண்ட.

அறிவு: வரைஞ்சு குடுத்துட்டீங்களே.

சேவியர்: வரைஞ்சேன்... அவரு எட்டு வருசம் என்னையத் திட்டிக்கிட்டே ஓட்டுனாரு. அவரு பேச்சக் கேட்டாலும் கேப்பேன், உன் அழுகையக் கேக்க முடியாது.

அறிவு: ...அப்பல்லாம்.

சேவியர்: என்ன?

அறிவு: ஒண்ணுமில்ல. கை எப்படிப்பா இருக்கு?

சேவியர்: எந்தக் கை?

அறிவு: வலது கை. நடுங்குதுன்னு...

சேவியர்: எவன் சொன்னான்? பக்கத்து வீட்டு சிவனம்மாவா? அவளுக்கு வேற வேலை இல்ல. அது பனிக்கு லேசா வந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல. நடுங்குற கையில இறக்கைய ஒட்ட முடியுமா? நீயே யோசிச்சுப் பாரு.

அறிவு: முடியாதுதான்... வீடியோவுல காட்டுங்கன்னா உங்க பட்டன் போன்ல அதுக்கும் வழியில்ல. பெயின்ட் எப்படி அடிச்சீங்க? அதயாவது சொல்லுங்க.

சேவியர்: எப்படி அடிப்பாக? மொதல்ல ஒடம்பு பூராவும் தண்ணிப் பேப்பர் போட்டுத் தேச்சேன். தொடச்சுக் காய விட்டேன். பெறகு ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டு...

அறிவு: ரெட் ஆக்ஸைடா?

சேவியர்: ...ஆமா.

அறிவு: அது இரும்பு துருப்பிடிக்காம இருக்கத்தானப்பா அடிப்பீங்க? இது பிளாஸ்டிக். ...அப்பா? லைன்ல இருக்கீங்களா?

சேவியர்: இருக்கேன், இருக்கேன்... சாம்பல் பிரைமரத்தான் சொன்னேன். வாய்ப் பழக்கம். லாரின்னு ஒண்ணு பட்டறைக்குள்ள வந்துட்டா மொத வார்த்தை ரெட் ஆக்ஸைடுதான?

அறிவு: சரிப்பா. பிரைமர். பெறகு?

சேவியர்: பெறகு என்ன... பெட்டி மேல போட்ருக்கபடியே பச்சையும் மண் நெறமும். டேப்பு ஒட்டிப் பிரிச்சு, ஓரம் செதறாம ஊதி ஊதி அடிச்சேன். இடது இறக்கையில மட்டும் ஒரு சொட்டு வடிஞ்சிருச்சு. காயவிட்டு, தேச்சு, மறுபடி அடிச்சேன். இப்பப் பாத்தா கண்ணாடி.

அறிவு: இடது இறக்கையிலயா...

சேவியர்: ஆமாங்குறேன்.

சிவனம்மாள்: அண்ணே! கதவு தொறந்தே கெடக்கு... கறிக்கொழம்பு கொண்டாந்தேன். போன்லயா இருக்கீக?

சேவியர்: அங்கன வச்சுட்டுப் போ சிவனம்மா.

சிவனம்மாள்: போன வாரம் வச்சுட்டுத்தான போனேன். கிண்ணத்தத் தூக்குறேன்னு பாதியத் தரைக்கு ஊத்துனீக. இருங்க, தட்டுல நானே போட்டுப் பிசைஞ்சு...

சேவியர்: ஏய், மெதுவாப் பேசு!

அறிவு: யாருப்பா, சிவனம்மாக்காவா?

சேவியர்: ஆமா. கொழம்பு குடுக்க வந்தா. போயிட்டா.

சிவனம்மாள்: எங்க போனேன்? அறிவா பேசுறா? இப்படிக் குடுங்க போன... ஏத்தா அறிவு! நல்லாருக்கியா? என்னைக்கு வார?

அறிவு: கூப்பிட்டா வாரேங்க்கா.

சிவனம்மாள்: இதென்ன பேச்சு? பெறந்த வீட்டுக்கு வர வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? இங்க வந்து பாரு, தெருப் பூராவும் ஸ்டார் கட்டி வெளக்கப் போட்டுட்டாக. உங்க வீடு ஒண்ணுதான் இருட்டாக் கெடக்கு...

சேவியர்: போனக் குடு இங்க. போ, ஒன் அடுப்புல வெஞ்சனம் கருகப் போகுது.

சிவனம்மாள்: போறேன், வெரட்டாதீக. அண்ணே, அந்த அலமாரி மேல ஒரு பெட்டி தூசி அண்டிக் கெடக்குதே, எடுத்துத் தொடச்சு வைக்கவா?

சேவியர்: நீ கெளம்பு தாயி!

அறிவு: ...என்ன பெட்டிப்பா?

சேவியர்: அது... பழைய செருப்புப் பெட்டி.

அறிவு: ஓ.

சேவியர்: போயிட்டா. வாய் இல்லைன்னா அவள நாய் தூக்கிட்டுப் போயிரும்... நம்ம எங்க விட்டோம்?

அறிவு: ஸ்டார் கட்டலையாப்பா?

சேவியர்: ஏணியில ஏறணும்... பாப்போம். ஒத்த ஆளுக்கு எதுக்கு ஸ்டாரு.

அறிவு: எங்களுக்கு ஆபீஸ்ல பத்து நாள் லீவு விட்ருக்காக.

சேவியர்: ம்.

அறிவு: கண்ணன் அவுக ஊருக்குப் போறாரு. நான் மட்டுந்தான் இங்க.

சேவியர்: ஏன்... மாப்பிள்ளை உன்னையக் கூட்டிட்டுப் போகலையா?

அறிவு: அவுக வீட்டுல என்னைய இன்னும் சேத்துக்கல. தெரியாத மாதிரிக் கேக்குறீங்க.

சேவியர்: நீங்களாக் கல்யாணம் பண்ணி அஞ்சு வருசமாச்சு. இன்னுமா? என்ன மனுசங்க.

அறிவு: நீங்க மட்டும் என்னப்பா? "நானாக் கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்காத"ன்னு சொன்னது யாரு? அம்மா செத்தப்பக்கூட கோயில்லயும் கல்லறையிலயும் நின்னுட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். எதுக்க எதுக்க நின்னோம். ஒரு வார்த்தை "வீட்டுக்கு வா"ன்னீங்களா?

சேவியர்: அது... கோவத்துல சொன்னதுத்தா.

அறிவு: கோவம் போனப்பெறகு மாத்திச் சொல்லணும்ல?

சேவியர்: ...ஏரோப்பிளேன் மூக்குல சுத்துற பங்கா இருக்கு பாரு, அத இன்னும் மாட்டல. சொல்லாம விட்டுட்டேன்.

அறிவு: அப்பா.

சேவியர்: கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிருவேன். முடிச்சு உங்கம்மா போட்டோ பக்கத்துல வப்பேன். நீ ஒண்ணும் அம்புட்டுத் தூரம் அலைய வேணாம். எனக்கென்ன கொறை? கொழம்பு வருது. கை நின்னு வேலை செய்யிது. பொழுதும் போகுது...

அறிவு: இறக்கை கெட்டியா ஒட்டியிருக்கா?

சேவியர்: என்ன ஓயாம இறக்கைக்கே வார? கல்லு மாதிரி இருக்கு. இந்தா, இப்பக்கூட மேசை மேல என் மொகத்துக்கு நேரா நிக்கிது.

அறிவு: தொட்டுப் பாருங்க.

சேவியர்: தொட்டுக்கிட்டுத்தான் பேசுறேன்.

அறிவு: அப்பா... பெட்டிய அனுப்புறதுக்கு முன்னாடி, இறக்கை இருந்த கவர நான் உருவி எடுத்து வச்சுக்கிட்டேன். ரெண்டு இறக்கையும் இந்தா, என் மடியிலதான் இருக்கு. கவரக்கூடப் பிரிக்கல.

சேவியர்: ...எதுக்குத்தா?

அறிவு: பெட்டியப் பிரிச்சுப் பாத்தா இறக்கை இல்லாதது தெரியும்ல? ஒடனே போன் போட்டுத் திட்டுவீங்க. "கூறுகெட்டவளே, அத எடுத்துக்கிட்டு வாடி"ன்னு சொல்லுவீங்க. அதையே கூப்பிட்டதா வச்சுக்கிட்டு பஸ் ஏறிரலாம்னு பாத்தேன்... நீங்க என்னடான்னா இல்லாத இறக்கைக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருக்கீங்க.

சேவியர்: அப்ப... மொதல்லயே தெரியுமா உனக்கு?

அறிவு: ரெண்டாவது வாரமே தெரியும். எல்லாத் துண்டும் சரியா இருக்குன்னீங்கள்ல, அப்பவே.

சேவியர்: தெரிஞ்சுக்கிட்டா கேட்டுக்கிட்டு இருந்த?

அறிவு: அதுக்கு முன்னாடி நம்ம என்னப்பா பேசுனோம்? சாப்டியா, சாப்டேன், வச்சுரவா... அம்புட்டுத்தான். பொய்யா இருந்தா என்ன, முக்கா மணி நேரம் எங்கிட்டப் பேசுனீங்க. நிப்பாட்ட மனசு வரல.

சேவியர்: ...நான் பெட்டியப் பிரிச்சேன்த்தா. வந்த அன்னிக்கே பிரிச்சேன்.

அறிவு: ம்...

சேவியர்: மொதக் கவர்ல பைலட்டு பொம்மை இருந்துச்சு. சுண்டுவிரல் நகம் தண்டி. அதுக்குக் கண்ணு மூக்கு வைக்கணும்னு ஆசையா எடுத்தேன்... கை நிக்கல. கீழ விழுந்து எங்குட்டுப் போச்சுன்னே தெரியல. அரை நாள் தரையத் தடவுனேன். பெறகு வேற எதையும் தொடல. அப்படியே மூடி அலமாரி மேல வச்சுட்டேன்.

அறிவு: எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா?

சேவியர்: எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? உள்ள வராதன்னு சொன்னதும் நானு. இப்ப ஒரு டம்ளர் தண்ணியக்கூட ரெண்டு கையால பிடிச்சுக் குடிக்கிறதும் நானு. கை போனப்பெறகு கூப்பிட்டா, கஞ்சி ஊத்த ஆளில்லாமக் கூப்பிடுறான்னு நீ நெனைச்சுட்டா?

அறிவு: நான் அப்படி நெனைப்பேனா? ...அழுகுறீங்களாப்பா?

சேவியர்: கொழம்பு... காரம்.

அறிவு: நீங்க இன்னும் சாப்பிடவே இல்ல.

சேவியர்: ...அறிவு.

அறிவு: சொல்லுங்கப்பா.

சேவியர்: இறக்கையக் காணோம்த்தா... எடுத்துக்கிட்டு வா.