வாய்க்காலை மூடச் சொன்ன மனு

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை. காலை ஆறு நாற்பது. யாழினி என் தோளில் இருக்கிறாள். என் மகள். மூன்று வயது. அக்குளில் ஃபைல். வலது கையில் கயிறு. கயிற்றின் ஒரு முனை எங்கள் வாசல் கிரில்லில். மறுமுனை எதிர்வீட்டு மாடிப்படிக் கம்பியில். நடுவில் தெரு. அதைத் தெரு என்று இப்போது சொல்ல முடியாது.

"யக்கா! கயித்த வுடாத! கொயந்தய என்னான்ட குடு!"

தாவீது. ஆட்டோ ஓட்டுபவர். தெருக்கோடியில், வாய்க்காலை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. ஆட்டோ பழுதானால் கட்டி இழுக்க வைத்திருந்த கயிறுதான் இது. முதலில் மனைவி ரோசியையும் மகளையும் அக்கரை சேர்த்தார். அதன் பிறகு ஐந்து பேர். இப்போது நாங்கள். யாழினியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறார். அவள் அழவில்லை. அவர் தலைமுடியைப் பிடித்துக்கொள்கிறாள்.

"முடி கீறது கொஞ்சந்தான் பாப்பா, பாத்து!"

சத்தங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் சத்தம் ஐந்து ஐம்பதுக்கு. கழிப்பறைக் கோப்பைக்குள்ளிருந்து. குளக், குளக். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. உள்ளிருந்து வந்தது. இரண்டாவது ஆறு பத்துக்கு. ஏரிப் பக்கம். லாரி மண் கொட்டுவது போல நீளமாக ஒரு சத்தம். மூன்றாவது, சமையலறையில் கேஸ் சிலிண்டர் மிதந்துபோய்ச் சுவரில் முட்டியது. ணங். அதைக் கேட்டுத்தான் நான் கட்டிலை விட்டு இறங்கினேன்.

என் கணவர் அம்பத்தூரில் ஷிப்டில் இருந்தார். போனில் சிக்னல் இல்லை. இருப்பதா, போவதா? எதை எடுப்பது? யோசித்தேன். எப்போதும் யோசிப்பேன். ஐந்து நிமிடம் போயிற்று. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பட்டச் சான்றிதழ் உள்ள ஃபைலை எடுத்தேன். யாழினியின் இன்ஹேலரை எடுக்கவில்லை. அது அவள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று சாமிப் பலகையில் வைத்திருந்தேன். என் கைக்கு எட்டும் உயரம்தான்.

வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். புறநகரில், நூம்பலுக்குப் பின்னால் எங்கள் நகர். ஏரி நிரம்பினால் உபரி நீர் போக ஒரு பழைய வாய்க்கால். நாங்கள் குடிவந்தபோது அதில் சாக்கடையும் பிளாஸ்டிக்கும்தான். யாழினிக்கு ஒன்றரை வயதில் டெங்கு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பிய வாரமே நலச்சங்கத்தில் கேட்டார்கள். உங்கள் தமிழ் நன்றாக இருக்கும், மனு எழுதுங்கள் என்று. எழுதினேன். கொசு. பாம்பு. துர்நாற்றம். குழந்தைகளின் உயிர். நாற்பத்தொரு வீடுகள் கையெழுத்துப் போட்டன. அதிகாரிகளிடமிருந்து பதில் வரவில்லை. வீடு இடிக்கிற லாரிக்காரர்களுக்கு இடிபாடு கொட்ட இடம் தேவைப்பட்டது. சங்கம் இடம் காட்டியது. பத்தே நாளில் வாய்க்கால் மேடாகிவிட்டது. பிள்ளைகள் அதன்மேல் கிரிக்கெட் ஆடினார்கள்.

தாவீது கையெழுத்துப் போடவில்லை. ஆட்டோவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"இன்னா டீச்சரக்கா, தண்ணிக்கு அட்ரஸ் மாத்திட்டியா? அதுக்குப் படிக்கத் தெரியாது. பழைய ஊட்டுக்குத்தான் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஏழு மணி. எதிர்வீட்டு மாடிப்படியில் நிற்கிறேன். மற்றவர்கள் மேலே மொட்டை மாடியில். படியில் நான், யாழினி, தாவீது. யாழினியின் மூச்சில் விசில். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. நான் தாவீதைப் பார்த்துச் சொல்கிறேன்.

"இன்ஹேலர் சாமிப் பலகையில இருக்கு."

போங்கள் என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றுதான் சொன்னேன். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் தூங்கினேன்.

"சர்டிபிகேட்ட எட்த்துகினு மருந்த வுட்டியா? நல்லா படிச்சக்கா." இறங்கிவிட்டார்.

மேலிருந்து ரோசி கத்தினார். "யோவ்! போவாத! தண்ணி ஏறிகினே கீது!"

"தோ வந்துட்றேன்!"

தண்ணீர் அவர் மார்புக்கு. எங்கள் வீட்டுக்குள் போனார். வந்தார். இன்ஹேலர் இருந்த நீலப் பை பல்லில். கயிற்றைப் பிடித்தார். நடுத்தெருவுக்கு வந்துவிட்டார். ஏழு பதினைந்து. மூலை வீட்டுச் சுற்றுச்சுவர் சாய்ந்தது. தொம். தண்ணீர் ஒரேயடியாகத் திரும்பியது. என் கையருகே கயிறு விறைத்தது. பிறகு தொய்ந்தது.

எட்டரைக்கு யாழினியின் மூச்சு சீரானது. தானாகவே. மருந்து இல்லாமல்.

மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது. காலை ஒன்பதுக்கு மேட்டைத் தோண்டத் தொடங்கியது. பத்து மணிக்குள் தெருத் தண்ணீர் பழைய வழியே ஓடியது. பதினொன்றரைக்கு ஜேசிபி நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கித் தலையில் கை வைத்தார். ரோசியைக் கூப்பிட்டார்கள்.

நான் பி.ஏ. வரலாறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வெள்ளத்தால் பழைய நகரங்கள் அழிந்ததற்குக் காரணம் என்ன? ஐந்து மதிப்பெண். 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதினால் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த நகரங்களிலும் யாராவது நல்ல மொழியில் மனு எழுதியிருப்பார்கள். குழந்தைக்காகத்தான் எழுதியிருப்பார்கள். மண்ணைத் தோண்டினால் சுவர் கிடைக்கிறது, பானை கிடைக்கிறது. மனு கிடைப்பதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

விசாரிக்க வந்தவர்களிடம், தாவீது அவராகவே போனார் என்றேன். ரோசியிடமும் அப்படித்தான். போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நீ சொல்லாங்காட்டியும் அந்தாளு போயிருப்பாரு. அதுக்குன்னு இத்தன நாளு சொல்லாம இருப்பியா?"

அக்கா என்று கூப்பிடவில்லை. டீச்சர் என்றும் இல்லை.

எங்கள் தெரு இழந்தவை. ஒரு ஆட்டோ. பதினோரு பைக். தரைத்தள வீடுகளின் ஃபிரிட்ஜ், மெத்தை, அரிசி, அத்தனையும். ரோசியின் கூரை. யாழினியின் நீலப் பை. இப்போது எல்லாரும் வாசற்படியை உயர்த்திவிட்டார்கள். வாய்க்கால் திறந்திருக்கிறது. கொசு இருக்கிறது.

இழக்காதது ஒன்று. நான் தூக்கிவந்த ஃபைலில், பிளாஸ்டிக் உறைக்குள், மனுவின் நகல். ஒரு சொட்டுகூட நனையவில்லை. நாற்பத்தொரு கையெழுத்துகள். முதலாவது என்னுடையது.

இறந்தவர் ஒருவர். தாவீது. முப்பத்தாறு வயது. அவர் கையெழுத்து அதில் இல்லை.