உப்பு வெளியில் மூன்று பேர்

பொழுது சாய்கிற நேரம். கடலோர நகரமான அக்தாவிலிருந்து கிழக்கே போகிற சாலையில் தார் முடிந்து, மண் முடிந்து, கடைசியில் வெறும் டயர்த் தடம்தான் மிச்சம். அந்தத் தடத்தில் ஒரே ஒரு வண்டி. முன்னாலும் ஒன்றில்லை... பின்னாலும் ஒன்றில்லை.

எனக்கு நடந்ததல்ல இது. என்னோடு மீன் கிடங்கில் வேலை பார்க்கிறாளே சந்துகாஷ், அவளுடைய அண்ணன் பக்லானுக்கு நடந்தது. துறைமுகத்தில் வெல்டர். கதை கட்டத் தெரியாத ஆள். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அது பழைய ரொட்டி வண்டி. பக்லானும் அவன் சிநேகிதன் செர்ஜானும் ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக்கியிருந்தார்கள். செர்ஜானின் மனைவி தோல்கினும் கூட வந்தாள். மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே போய்த் தங்குவதாகத் திட்டம்.

"சுத்திப் போனா விடிஞ்சிடும். இப்படிக் குறுக்கால விடுடா," என்றான் செர்ஜான்.

"அது உப்பு வெளிடா," என்றான் பக்லான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"காஞ்சு கிடக்கு. பாரு, கழுவி வச்ச தட்டு மாதிரி."

"தட்டு கழுவியே பழக்கமில்லாதவன் சொல்றான், கேட்டுக்கோ," என்றாள் தோல்கின்.

மூவரும் சிரித்தார்கள். வண்டி உப்பில் இறங்கியது.

நடுவெளிக்கு வந்திருப்பார்கள்... 'மடக்'கென்று ஒரு சத்தம். உப்புப் பாளம் உடைந்து முன் சக்கரங்கள் உள்ளே போய்விட்டன. அடியில் கறுப்புச் சேறு. அழுகின முட்டை நாற்றம். வண்டிக்கு அடியில் ஏதோ 'களக் களக்'கென்று ஒழுகியது. எண்ணெய் என்று நினைத்துத் தொட்டு மோந்து பார்த்தான் பக்லான். வாசனையே இல்லை. தண்ணீர். தொட்டி விரிசல் விட்டு மொத்தமும் உப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

வாணலியால் தோண்டினார்கள். கட்டில் பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். மெத்தையைக்கூடப் போட்டார்கள். தோண்டத் தோண்ட வண்டி இறங்கியதே தவிர ஏறவில்லை. பாளத்தில் கால் சிக்கித் தோல்கினுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை.

மறுநாள் வெயில்... மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. தின்ன நிறைய இருந்தது. எண்ணெயில் பொரித்த ரொட்டி, உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. வாயில் போட்டால் நாக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டில் ஒட்டகப் பால் இருந்தது. உச்சி வெயிலுக்குள் அதுவும் காலி. ரேடியேட்டரில் இருந்தது பச்சை விஷம். பக்லான் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்த் திறந்தான். மறுபடி மூடினான்.

இருட்டினதும் வடக்கே, வெகு தூரத்தில், ஒரு வெளிச்சம் ஊர்ந்தது. ரயில்.

"நான் போறேன். ராத்திரியோட ராத்திரியா நடந்தா போயிடலாம்," என்றான் செர்ஜான்.

தோல்கின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போனா மூணு பேரும் போவோம்."

"இந்தக் காலை வச்சிக்கிட்டா? டேய் பக்லான், இவளை விட்டுட்டு நகராதே. என்ன ஆனாலும்."

காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனான். அவன் பூட்ஸ் பாளத்தை மிதிக்கிற சத்தம், நறுக்... நறுக்... நறுக்... ரொம்ப நேரம் கேட்டது.

விடிந்தது. அவன் வரவில்லை. காற்று வந்தது. உப்பை வாரிக்கொண்டு வந்த காற்று. நடுப்பகல்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் கை தெரியாது. தோல்கின் தரையில் படுத்துக் கிடந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. பக்லானுக்கு எச்சில் ஊறுவது நின்றே போயிருந்தது.

அப்போது... டொக், டொக், டொக்.

"தோல்கின்! நான்தான். தண்ணி கொண்டாந்திருக்கேன். கதவைத் திற."

செர்ஜானின் குரல். அதோடு கேனுக்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம். தோல்கின் தவழ்ந்து கதவுக்குப் போனாள். பக்லானும் எழுந்தான். கதவில் கை வைக்கப்போனவனுக்குச் சுரீரென்று பட்டது. நறுக் சத்தம் எங்கே? அந்தப் பாளத்தில் பூனை நடந்தாலும் கேட்கும்.

"இரு. அவன்கிட்ட ஏதாவது கேளு," என்றான் மெல்ல.

"பைத்தியமாடா நீ?" என்றாலும் கேட்டாள். "பள்ளிக்கூடத்துல உன்னை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?"

"ஒட்டகக் கழுத்தா." வெளியே சிரித்தது. "திற, தோலு."

சரியான பதில். தோலு என்று அவன் ஒருத்தன்தான் கூப்பிடுவான். அவள் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். அங்கே தாழ்ப்பாளே இல்லை. வண்டி உப்பில் விழுந்தபோது தெறித்துப் போயிருந்தது. கதவு வெறுமனே சாத்தித்தான் கிடந்தது. அது செர்ஜானுக்கும் தெரியும்.

"இழுத்தா திறக்கும்டா. இழுத்துட்டு வா," என்றான் பக்லான்.

வெளியே பேச்சில்லை.

"செர்ஜான்?"

"நீங்கதான் திறக்கணும்."

அதே குரல். ஆனால் இப்போது கதவோடு வாயை வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. பக்லான் கைப்பிடியை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டான். கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. முதல் மழை விழுந்த மண் வாசனை.

"திறக்கலைன்னா கொட்டிடுவேன்."

கொட்டவும் ஆரம்பித்தது. களக்... களக்... களக்... அவசரமே இல்லாமல். தோல்கின் பாய்ந்து பக்லானின் மணிக்கட்டைக் கடித்தாள். "கொலைகாரா, அவன் தனியா நிக்கிறான்டா! செத்துடுவான்டா!" என்று அலறினாள். அலறலும் முழுசாக வரவில்லை, காற்றுதான் வந்தது. பக்லான் விடவில்லை. வெளியே நிற்பது நிஜமாகவே செர்ஜானாக இருந்தால்? இருபது வருஷச் சிநேகிதனை வாசலில் நிறுத்திச் சாகடிக்கிறேனா? அழுதான். கண்ணீர் வரவில்லை.

கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. யாரும் நடந்து போகிற சத்தமும் இல்லை.

காற்று அடங்கினதும் கதவைத் திறந்து பார்த்தான். பாளம் உடையாமல் இருந்தது. ஈரம் இல்லை.

அன்று மாலையே ரயில்பாதை ஆட்கள் வந்து இருவரையும் தூக்கிப் போனார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் செர்ஜானைக் கண்டெடுத்து, அவன் பூட்ஸ் தடத்தைப் பிடித்து வந்தார்களாம். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பக்லானை ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டாள். "உங்க சிநேகிதருக்கு மனசு ஏதும் சரியில்லையா? வாய், தொண்டை, எல்லாம் உப்பு. யாரோ திணிச்ச மாதிரி."

நினைவு வந்ததும் செர்ஜான் இவர்களைப் பார்த்துச் சிரித்தான். "நல்ல வேளை, வழி தப்பித் திரும்ப உங்ககிட்டயே வந்தேன். இல்லைன்னா அன்னைக்கே முடிஞ்சிருப்பேன்."

"எங்க வந்தே?" என்றாள் தோல்கின்.

"வண்டிக்குத்தான். விளக்கு எரிஞ்சிது. தட்டினேன், பக்லான் திறந்தான். நீ பால் விட்டுத் தேநீர் ஊத்திக் குடுத்தே. எத்தனை கிண்ணம் குடிச்சேன்னு எனக்கே தெரியாது."

தோல்கின் பக்லானின் மணிக்கட்டில் இருந்த பல் தடத்தைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு, உன்னைப் பாத்துதான் பயமா இருந்துச்சு தோலு. நம்ம வீடு எங்கேன்னு என்னையே கேக்குறே. தாகத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு பாவம்னு... தெரு, மாடி, கதவு நம்பர், எல்லாம் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டீங்க ரெண்டு பேரும்."

தோல்கின் ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டாள். அவர்கள் வீட்டிலிருந்து மாற்றுத் துணி எடுக்க, அவளிடம் சாவி வாங்கிக்கொண்டு பக்லான்தான் அக்தாவுக்குப் போனான். நல்ல பகல் வேளை. மாடிப்படியில் பக்கத்து வீட்டு குல்ஜிபேக் அம்மாள் எதிரே வந்தாள்.

"என்னப்பா, ஊருக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து மூணு பேருக்கும் இவ்வளவு கர்வம்? நேத்து வாய் நிறையக் கூப்பிடுறேன், ஒருத்தராவது திரும்பிப் பாத்தீங்களா?"

அவன் அவளைத் தாண்டி மேலே ஏறினான். சாவியைப் போட்டான், திரும்பியது. கதவைத் தள்ளினான், அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

காதை வைத்துக் கேட்டான். கிண்ணத்தில் தேநீர் ஊற்றுகிற சத்தம். ஒரு பெண் மெல்லச் சிரித்தாள். நாற்காலி நகர்ந்தது... யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

"யாரது?" என்று கேட்டது உள்ளேயிருந்து.

பக்லானின் குரல்.