ரிலீவர் வரல

ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, சொல்லு... நான்தான்டா, அக்கா... ஆமா, அப்பா போனுதான். நான் எடுத்தேன்... சும்மாதான் வந்தேன். ஏன், எங்க அம்மா வூட்டுக்கு நான் வரக் கூடாதா?... காலையிலதான். வடலூர் என்ன வடநாட்டுலயா இருக்கு, மழை பெஞ்சா வர முடியாதா?... ஆமா. ஆமா, அவரும்தான் வந்துருக்காரு.

அப்பாவா... அப்பா படுத்துருக்காருடா... இல்ல, எழுப்ப வேணாம். எங்கிட்ட சொல்லேன், என்ன விஷயம்?... ரிலீவர் வரலையா?... உன்ன மாத்திவிட யாரு வரணும்?... கலியன் சித்தப்பாவா?

ஓ... இன்னிக்கு அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டா... இல்ல, கேக்குது, கேக்குது. சொல்லு.

சுரங்கத்துல ஒண்டியாவா இருக்க? பம்ப்புகிட்ட வேற ஒருத்தரும் இல்லையா?... ஏன்டா, ஆஃபீஸுக்கு போன் போட வேண்டியதுதான... போட்டியா. என்ன சொன்னாங்க?... "இரு தம்பி, ஆள் அனுப்பறோம்"னாங்களா. வேற எதுவும் சொல்லலையா?... இல்ல, இல்ல. சும்மாதான் கேட்டேன்.

யாரு அழுவுறா? யாரும் அழல. பக்கத்து குவார்ட்டர்ஸ் பெரியநாயகி அத்தை வந்துருக்காங்க, அவங்க பேசறதே அப்படித்தான்... எனக்கா? எனக்கு சளிடா. நனைஞ்சுகினே வந்தேன்... தேவயானியா? உன் பொண்டாட்டி உள்ள அம்மாகூட இருக்கா. நல்லா இருக்கா. எல்லாரும் நல்லாத்தான்...

ஐயோ, அந்த சங்க ஊத வேணாம்னு யாராச்சும் சொல்லுங்களேன்! போன்ல பேசிகினு இருக்கேன்ல! நிறுத்துங்க!

...இல்லடா... கணேசா, இரு... கணேசா... நான் சொல்றத கேளு. மொதல்ல உக்காரு. எங்கயாச்சும் உக்காரு... உக்காருடா சொல்றேன்!... உக்காந்துட்டியா... ஆமா... ஆமாடா... ஆமா. அப்பா போயிட்டாரு.

...

கணேசா... டேய்... பேசுடா. ஏதாச்சும் பேசு. ஒண்டியா அந்தத் தண்ணிகிட்ட நின்னுகினு பேசாம இருக்காதடா, எனக்கு பயமா இருக்கு...

விடியக்காலையில. இன்னும் இருட்டு பிரியல... இல்ல, ஒண்ணும் கஷ்டப்படல. எழுந்து வாசல் வரைக்கும் வந்துருக்காரு. "தம்பி வந்துட்டானா"ன்னு அம்மாவ கேட்டாராம். "இனிமேதான் வருவான், படுங்க"ன்னுதாம் அம்மா. "பேய் மழையா பெய்யுது, பம்ப்புல பய என்ன பாடு படறானோ. அவன் வரட்டும், காபிய சேத்துப் போடு"ன்னு சொல்லிட்டு சாய்ஞ்சவருதான்... அவ்ளோதான்டா. அதான் கடைசியா பேசுனது. உன்ன பத்தித்தான்.

உன் செல்லுக்கு எத்தினி வாட்டி போட்டோம். அங்க கீழ சிக்னல் கெடைக்காதுன்னு தெரிஞ்சும் போட்டுகினே இருந்தோம். ஆஃபீஸுல சொல்லியாச்சு. பம்ப்புகிட்ட ஒண்டியா இருக்கான், ரிலீவர் போனதும் மெதுவா சொல்லி ஜீப்புல அனுப்பறோம்னாங்க. அவங்க சொன்னதும் நியாயந்தான்... நீ அந்த பம்ப்பு போன்லேர்ந்து அப்பா நம்பருக்கே போடுவேன்னு யாருக்குத் தெரியும்... தெரியும்டா. ரிலீவர் வரலைன்னா நீ அவருக்குத்தான் போடுவ. ரிட்டையர் ஆயி இத்தினி வருசம் ஆயும் யாருக்கு எந்த ஷிப்ட்டுன்னு வூட்டுல உக்காந்துகினே சொல்லுவாரே.

வா. உடனே கெளம்பி வா... என்ன?... என்னாது, வர முடியாதா? என்னடா பேசற? அப்பா செத்துக் கெடக்கறாரு, பம்ப்பாம் பம்ப்பு! போட்டது போட்டபடி வாடா!... கரி பெல்ட்டுகிட்டயா? எத்தினி பேரு கீழ வேலை செய்யறாங்க?... பம்ப்ப விட்டா அங்க தண்ணி போயிடுமா...

ம்...

சரி. சரிடா. கத்தாத. நான் ஒண்ணும் சொல்லல. நீயும் அவர மாதிரியேதான் பேசற. என் கல்யாணத்தன்னிக்கு இதையேதான சொன்னாரு அந்த மனுசன்? நெனப்பிருக்கா உனக்கு? நீ அப்ப பொடியன்... ஆமா, அதே மழைதான், ஐப்பசி மாசம். முந்தின நாளே ஜீப் வந்து நின்னுச்சு, "நல்லசாமி அண்ணே, தண்ணி உள்ள வந்துடுச்சு"ன்னு. லீவுல இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? சொல்லலையே. மறுநா காலையில மண்டபத்துல மாப்ள வூட்டுக்காரங்க எல்லாம் மொகத்த தூக்கி வெச்சுகினு உக்காந்துருக்காங்க. ஐயரு "பொண்ணோட தோப்பனார் எங்க, எங்க"ன்னு கேட்டுகினே இருக்காரு. அம்மா ஒரு பக்கம் கிழிகிழின்னு கிழிக்குது. வந்தாரே... முட்டி வரைக்கும் சேறு, அந்த கம்பூட்ஸோட! "அம்மாடி, ரிலீவர் வரலம்மா"ன்னாரு. மணவறையில உக்காந்துகினு சிரிக்கறதா அழுவறதான்னே தெரியல எனக்கு. வேட்டிய மாத்தினாரு, கால கழுவ நேரமில்ல. அந்த சேத்துக் காலோடதான்டா என்னை தாரை வாத்துக் குடுத்தாரு...

இரு... மூக்க சிந்திக்கறேன்...

கலியன் சித்தப்பாவா? அவரு எங்கடா வருவாரு? இங்கதான் இருக்காரு. அப்பா கால்மாட்டுல... யூனிஃபார்மோடதான். டிபன் பை கூட தோள்லேர்ந்து எறக்கல... எப்படின்னா, ஷிப்ட் பஸ் நம்ம பிளாக் வழியாத்தான வருது. ஸ்டாப்புல யாரோ விஷயத்த சொல்லியிருக்காங்க. பம்ப் செக்ஷன் ஆளுங்க பூரா அப்படியே எறங்கிட்டாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, அத்தினி பேரும்! அவன் போவான்னு இவன், இவன் போவான்னு அவன். நைட் ஷிப்ட்டுக்காரன் அங்க காத்துகினு இருப்பானேன்னு ஒருத்தனுக்கும் தோணல. அதுவும் காத்துகினு இருக்கறது பெத்த புள்ள... அப்பா மட்டும் இப்ப எழுந்தாருன்னா இருக்கற அத்தினி பேரையும் வெளுத்து வாங்கிடுவாரு. "எடத்த விட்டு எவன்டா வரச் சொன்னது உங்கள"ன்னு.

சிரிக்கிறியா அழுவுறியா... ம்... அழு. அழுதுடு.

கலியன் சித்தப்பாவ நான் எப்படிடா எழுப்பறது? நீயே சொல்லு. வந்ததுலேர்ந்து அப்பா கால புடிச்சுகினு அப்படியே இருக்காரு. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட எல்லாம் அந்த சுரங்க கேட்டு கதையையே திரும்பத் திரும்ப சொல்றாரு... அதான்டா, கான்ட்ராக்ட்டுல இருந்தப்ப அவர வேலைக்கு வேணாம்னு எவனோ ஒரு கான்ட்ராக்டர் நிறுத்துனானே. அப்பா போயி கேட்டு முன்னாடி உக்காந்துட்டாரு. கோஷம் இல்ல, கொடி இல்ல, சும்மா தரையில. சங்கத்துல ஒரு பதவி கெடையாது அவருக்கு, கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவாரு. ஆனா அவரு உக்காந்தாருன்னா ஷிப்ட்டே பின்னாடி வந்து உக்காருமே. சாயங்காலத்துக்குள்ள கலியன உள்ள வுட்டுட்டாங்க... ஆமா, அன்னிக்கு ராவுதான் அவர வூட்டுக்குக் கூட்டினு வந்து, நம்ம ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, "இவரு உங்களுக்கு சித்தப்பா"ன்னாரு. நம்ம ஊரு பக்கத்து சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாத்தாங்க. பாத்தா பாத்துக்கட்டும்னுட்டாரு.

அந்த மனுசன்கிட்ட போயி, "நீங்க எழுந்து வேலைக்குப் போங்க, உங்க அண்ணன தூக்கறப்ப நீங்க இருக்க வேணாம்"னு என்னால சொல்ல முடியாதுடா. தோள் குடுக்கணும்னுதான உக்காந்துருக்காரு...

வேற யாரையாச்சும் கேக்கவா?... அந்தப் பம்ப்பு அவருக்குத்தான் பழக்கமா... ம்... சரி, இரு. லைன்லயே இரு. வைக்காத.

சித்தப்பா... இல்ல, ஒண்ணும் இல்ல. கணேசன்தான் போன்ல... தெரிஞ்சிடுச்சு சித்தப்பா, சங்கு சத்தத்த கேட்டுட்டான்... வர முடியலையாம்... இல்ல... ரிலீவர் வரலையாம்.

...

டேய்... கணேசா... எழுந்துட்டாருடா. நான் வேற ஒண்ணுமே சொல்லல. அந்த ஒரு வார்த்தைய கேட்டதும் திடுக்குன்னு எழுந்துட்டாரு. "ஐயையோ, எனக்குத்தான ஷிப்ட்டு"ன்னு தலையில அடிச்சுக்கறாரு... சித்தப்பா, அடிச்சுக்காதீங்க! யாராச்சும் புடிங்களேன் அவர!... அப்பா கால தொட்டு கண்ணுல ஒத்திக்கறாரு. என்னமோ சொல்றாருடா... "அண்ணே, கோச்சுக்காத, மறந்துட்டேன். ஷிப்ட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்"ங்கறாரு...

என்னாங்க! இங்க வாங்க! சித்தப்பாவ உங்க வண்டியில கொண்டுபோயி ஆஃபீஸ்ல விட்டுட்டு வாங்க. அங்கேர்ந்து ஜீப்புல கீழ போயிடுவாரு. மெதுவா ஓட்டுங்க, ரோடெல்லாம் தண்ணி... என் வூட்டுக்காரரு கூட்டினு போறாருடா. வாசல்ல செருப்புக் குமியல்ல சித்தப்பா பூட்ஸ தேடிகினு இருக்காரு... கெடைச்சிடுச்சு. மாட்டறாரு.

ஏய், இரு... அம்மா பேசுதுடா... அம்மா பேசுது! காலையிலேர்ந்து வாயே தொறக்காம கல்லு மாதிரி உக்காந்துருந்துச்சு, அழக் கூட இல்ல... "கலியா, மழையில போற, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ, இதோ போட்டுட்டேன்"னு அடுப்பாண்ட போவுது... எழவு வூட்டுல அடுப்பு பத்த வெக்கக் கூடாதுங்கறதையே மறந்துட்டுதுடா... அம்மா... அம்மா, இங்க வா. தேவயானி, அத்தைய புடி, விழுந்துடப் போறாங்க!... கேக்குதா கணேசா? அழுவுது. இப்பதான்டா அம்மா அழுவுது. அழட்டும். தடுக்காதீங்க, அழட்டும்.

அப்பா என்னென்ன பண்ணாரு அம்மாவுக்கு... அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, தூங்காம சோறு வடிச்சு, உன்ன குளிப்பாட்டி, எனக்கு தலை வாரி விடுவாரே. ஒரு பின்னலு காதுகிட்ட இருக்கும், ஒண்ணு கழுத்துகிட்ட தொங்கும். ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாளுங்க. நான் அவுத்துப் பின்னிக்கவே மாட்டேன். எங்கப்பா போட்டதுடீன்னு சொல்லுவேன்...

சரி. நீ வந்துடுவ. கலியன் சித்தப்பா அங்க வந்ததும் பம்ப்ப ஒப்படைச்சிட்டு அதே ஜீப்புல ஏறி வந்துடு. ஜாக்கிரதையா வா... ஆங், ஐஸ் பாக்ஸ் வந்துடுச்சு. தாராபுரத்து சொந்தக்காரங்களுக்கு சொல்லியாச்சு, பஸ் ஏறிட்டாங்க. வேலுமணி மாமாதான் விருத்தாசலத்துலேர்ந்து வந்து எல்லாத்தையும் பாத்துகினு இருக்காரு. இன்னிக்கு வியாழக்கெழமை, ஒன்றரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்கு முன்னாடி எடுத்துடணும்ங்கறாரு. மழையும் விடாது போலருக்கு... நீதான் வந்துடுவியே, உனக்கு என்ன?...

என்ன?... யாரு?... கலியன் சித்தப்பாவா... ஆமா, அவருக்கு ரெண்டு மணிக்குத்தான ஷிப்ட் விடும். அது வரைக்கும் எடுக்காம எப்படிடா... மாமா ஒத்துக்க மாட்டாரே... ம்... ஆமா... ஆமாடா, அது உண்மைதான். கடைசி ஆளு ஏறாம அப்பா என்னிக்கு மேல வந்துருக்காரு? வூட்டுல கூட, தெனம் ராவு கதவ சாத்தறப்ப, "எல்லாம் வந்தாச்சா"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுத்தான தாப்பா போடுவாரு... ம்... ம்... புரியுது. அழாத. நான் சொல்லிக்கறேன். இரு.

மாமா! வேலுமணி மாமா! வண்டிக்காரர மூணு மணிக்கு மேல வரச் சொல்லுங்க... இல்ல மாமா, அப்புறந்தான்... ராகு காலம் முடிஞ்சிடும்ல, அப்ப எடுத்துக்கலாம்... மழை பெஞ்சா பெய்யட்டும், கொடை புடிச்சுக்கலாம்... யாரு என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறாங்க மாமா. கீழ இன்னும் ஆளு இருக்கு. அப்பா கெளம்ப மாட்டாரு.

...சொல்லிட்டேன்டா... சரின்னு தலைய ஆட்டிட்டு வண்டிக்காரருக்குத்தான் போன் போடறாரு... ஆங், சித்தப்பா கெளம்பிட்டாரு. வண்டி தெருவ தாண்டிடுச்சு... என்னடா அது சத்தம், மோட்டாரு ஒரு மாதிரி கத்துது?... போ, போயி பாரு. போன வெய்யி, கணேசா. பம்ப்ப பாரு.