அரிசி தூக்குறது நான்தான்

ஆமாம்மா, நான்தான் அது. அந்த வீடியோவுல பச்சை சேலை கட்டிக்கிட்டு அரிசி மூட்டைய தலைக்கு மேல தூக்கிட்டு நிக்குறது பஞ்சாலைங்குற இந்தப் பொம்பளதான். நேர்ல பாத்தா குள்ளமா இருக்கேனா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போன்ல பெரிய ஆளா தெரியுறேனாம். உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு வெடிச்சிருக்கு, இந்தக் கட்டில் ஓரத்துல உக்காரு. சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிடாத, அக்கான்னு கூப்பிடு. பேரு என்ன சொன்ன? திலகா. பசியாறிட்டியா? செனவாங்லேருந்து பஸ்ல பகாவ் வந்து, அங்கேருந்து டாக்சி புடிச்சு, இந்தக் கையோட இவ்வளவு தூரமா? தண்ணி கலக்கட்டா? மைலோதான் இருக்கு. மெதுவாத்தான் கலக்குவேன், அவசரப்படாத.

ஏன் செவுத்தப் புடிச்சிக்கிட்டே நடக்குறேன்னு பாக்குறியா? பாரு, நல்லா பாரு. அதுக்கும் பதில் வருது.

மொதல்ல நீ சொல்லு. மாத்திரைய நிறுத்தி எத்தன நாளாச்சு? பதினோரு நாளா. விரலக் காட்டு. ஐயோ, மோதிரம் கழட்டவே முடியாது போல இருக்கே. டாக்டர் என்ன சொன்னாரு? நிறுத்தினா மூட்டெல்லாம் கோணிரும்னு சொன்னாரா, இல்லையா? சொன்னாருல்ல. அப்புறம் யாரு நிறுத்தச் சொன்னா? பாஸ்டரா? யாரும் சொல்லலையா? என் வீடியோவப் பாத்துட்டு நீயே நிறுத்திட்டியா? மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லன்னு ஆயிரும்னு நெனைச்சிட்டியா?

அழுவாத. நான் கோவமாத்தான் பேசுவேன், என் பேச்சே அப்படித்தான். ஜெபம் பண்றேன், பண்ணாம அனுப்ப மாட்டேன். ஆனா நான் சொல்றத மொதல்ல முழுசா கேளு. நீ போறதுக்குள்ள அந்த மாத்திரைய முழுங்க வச்சுதான் அனுப்புவேன். பையில இருக்கில்ல? இருக்கட்டும், பொறவு எடுக்கலாம்.

எனக்கு நாப்பத்தி மூணு வயசுல வந்தது இது. செம்பனைக்கு ஒரம் போடுற கேங்குல இருந்தேன். மழை பேஞ்ச மறுநாளு. தண்ணி ஓடுற கானுக்குக் குறுக்க ஒரு பலகை போட்டிருப்பாங்க, ஒர மூட்டையத் தூக்கிக்கிட்டு அதுமேல நடந்து போவணும். காலு வழுக்குச்சு. நான் ஒரு பக்கம், மூட்டை என்மேல. அன்னிக்கே செத்திருந்தா ஒரு மாலையோட போயிருக்கும். சாகல. இடுப்புல ஆரம்பிச்சு இடது கால் கட்டவிரல் வரைக்கும் கொதிக்கிற எண்ணெய ஊத்துன மாதிரி. பதிமூணு வருசமா ஊத்திக்கிட்டே இருக்காங்க, இன்னும் சட்டி காலியாகல.

பாக்காத வைத்தியமா? ஆஸ்பத்திரியில ஜவ்வு பிதுங்கியிருக்கு, ஆபரேசன் பண்ணலாம், ஆனா சரியாவும்னு எழுதிக் குடுக்க முடியாதுன்னாங்க. மலாய்க்கார அம்மா ஒருத்தங்க வந்து எண்ணெய் போட்டு உருவி விட்டாங்க. கோயில்ல சாமி வந்து செய்வினைன்னு சொல்லுச்சு. யாரு வச்சான்னா பதில் இல்ல. எனக்கு செய்வினை வச்சு யாருக்கு என்ன லாபம், சொல்லு? எங்கிட்ட என்ன இருக்கு, இந்த லயத்து வீடுகூட தோட்டத்துது.

வலிய விட மோசம் எது தெரியுமா? ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், ஃபேக்டரியில சூப்பர்வைசரு பாக்குற பார்வை. ரத்தம் வந்தா நம்புவாங்க. கட்டு போட்டா நம்புவாங்க. எனக்கு வெளிய ஒண்ணும் தெரியலையே. பெரட்டுல நிக்கிறப்ப, அதான் காலையில பேரு கூப்பிட்டு வேலை பிரிப்பாங்கல்ல, அங்க நிக்கிறப்ப மண்டோர் சுகுமாறன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுவான், பஞ்சாலை இன்னிக்கு எந்த இடுப்பும்மான்னு. எல்லாரும் சிரிப்பாளுங்க. எங்கூட சோறு தின்னவளுங்கதான். அவன்தான் கடைசியில பாவம் பாத்து நர்சரியில போட்டான். கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேலை. அது தாங்குச்சு, அதுல ஒரு நாலு வருசம் ஓடுச்சு.

அப்பத்தான் தர்மராஜ் பாஸ்டர் இந்த லயத்துக்கு வந்தாரு. அவரு கெட்டவரு இல்ல, அதை முன்னாடியே சொல்லிடுறேன். இதோ இந்த வாசல்ல நின்னு, அம்மா எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. கட்டுன புருசன் கேட்டதில்லம்மா. வலிக்குதான்னு கேப்பாங்க, இன்னுமா வலிக்குதுன்னு கேப்பாங்க, எங்க வலிக்குதுன்னு ஒரு ஆளு கேக்கல. நான் எடத்தக் காட்டுனேன். அவரு கண்ண மூடி ஜெபம் பண்ணாரு. வலி ஒண்ணும் போகல. ஆனா அன்னிக்கு நல்லா சோறு தின்னேன்.

சபைக்குப் போக ஆரம்பிச்சேன். பகாவ்ல, டயர் கடைக்கு மேல் மாடி. இருபத்திரெண்டு படி. நோயாளிங்களுக்கு ஜெபம் பண்ற எடத்தக் கொண்டுபோய் மாடியில வச்சிருக்காங்க பாரு. ஒவ்வொரு படிக்கும் ஒரு அல்லேலூயா சொல்லித்தான் ஏறுவேன்.

அப்புறம்தான் அந்த விசேஷக் கூட்டம் வந்துச்சு. வெளியூரு ஊழியக்காரரு, மண்டபம் எடுத்து, பெரிய ஸ்பீக்கரு, கீபோர்டு எல்லாம். அவரு மைக்கப் புடிச்சிக்கிட்டு, இடுப்பு வலியில கஷ்டப்படுற ஒரு சகோதரி இங்க இருக்கீங்க, ஆண்டவர் உங்களக் காட்டுறாருன்னாரு. எரநூறு தோட்டத்துப் பொம்பளைங்க உக்காந்திருக்க எடத்துல இடுப்பு வலி இல்லாதவ எவ லா? ஆனா எழுந்திரிச்சது நான்தான். குமுதவல்லி, என் பக்கத்துல உக்காந்திருந்த சபைக்காரி, முதுகுல கை குடுத்துத் தள்ளிவிட்டா.

தலையில கைய வச்சாரு. இப்ப வலி இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன். சத்தியமா இல்லம்மா, ஒரு துளி இல்ல. குனின்னாரு, குனிஞ்சேன். ஓடுன்னாரு, ஓடுனேன். முன்னால முடியாதது எதுவோ அதை இப்ப செஞ்சு காட்டுன்னாரு. மேடைக்குக் கீழ தனித்து வாழுற தாய்மாருக்குக் குடுக்குறதுக்கு பத்துக் கிலோ அரிசி மூட்டைங்க அடுக்கி வச்சிருந்தாங்க. நான்தான் ஓடிப்போய் ஒண்ணத் தூக்குனேன். யாரும் தூக்கச் சொல்லல. அந்த ஜனங்க போட்ட சத்தம் இருக்கே! என்னப் பாத்து சிரிச்ச அதே தோட்டத்துப் பொம்பளைங்க எழுந்து நின்னு கை தட்டுறாளுங்க. என் வாழ்நாள்ல எனக்கு யாரும் கை தட்டுனதில்ல, கல்யாணத்துல கூட.

என் வீட்டுக்காரரு இராஜமாணிக்கம் என்னக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தாரு. பின்னாடி கதவுகிட்ட நின்னாரு, சம்சு சாராய வாடையோட. அவரு கண்ணுல தண்ணி ஊத்துது. அன்னியோட குடிய விட்டாரும்மா. முப்பது வருசக் குடி. இன்னிக்கு வரைக்கும் தொடல. இப்ப செனவாங் பக்கம் ஒரு கிடங்குல ஜாகா வேலைக்கு, காவலுக்குப் போறாரு. வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் என் சம்சாரத்த ஆண்டவர் தொட்டாருன்னு சொல்லுவாரு.

ம், வலி. மறுநாள் விடியக்காலை பாய்லேருந்து எந்திரிக்கிறேன், அதே எண்ணெய், அதே சட்டி. அந்த பத்துக் கிலோவுக்கும் சேத்துக் குடுத்துச்சு. குமுதவல்லிக்குப் போன் போட்டேன். வலின்னு வாயால சொல்லாதக்கா, அது சாத்தான் குடுக்குற பொய் வலி, குணமாயிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருங்கன்னா. சொல்லிக்கிட்டே இருந்தேன். மாத்திரையெல்லாம் கொண்டுபோய் பப்பாளி மரத்தடியில பொதைச்சேன். நீயாவது பையில வச்சிருக்க.

சிரிப்பு இனிமேதான் இருக்கு. நான் அரிசி தூக்குனத சபைக்காரங்க வீடியோ எடுத்துப் போன்ல போட்டாங்கல்ல, அதை மண்டோர் சுகுமாறன் பாத்துட்டான். பெரட்டுல வச்சு, பஞ்சாலை, ஒங்க சாமி நல்லா வேலை பாத்திருக்காரே, இனிமே நர்சரி எதுக்கு, ஒரம் கேங்குக்குப் போன்னுட்டான். என்ன சொல்லுவ? வலிக்குதுன்னா ஆண்டவரப் பொய்யாக்கணும். வலிக்கலன்னா மூட்டையத் தூக்கணும். தூக்குனேன். ரெண்டு மாசம் தூக்குனேன். பல்லக் கடிச்சு கடிச்சு கடவாப் பல்லு ஒண்ணு ஒடைஞ்சு போச்சு. ஒரு நாளு மரத்தடியில அப்படியே சரிஞ்சேன், லாரியில தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாங்க. அதோட வேலை முடிஞ்சுச்சு. சபையில என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? பஞ்சாலை எதோ பாவம் பண்ணி கிடைச்ச சுகத்த எழந்துட்டான்னு. வீடியோவ மட்டும் அழிக்கல. அதுல நான் இன்னும் நல்லாத்தான் இருக்கேன்.

அப்புறம் ஏன் இன்னும் வேதத்த தலைமாட்டுல வச்சிருக்கேன்னு கேக்குறியா? கேளு, கேக்க வேண்டியதுதான். நான் தூக்கிப் போட்டவதான். ஆறு மாசம் அந்தப் பீரோவுக்கு அடியில கெடந்துச்சு. படுத்தே கெடக்குறவ எவ்வளவு நேரம் கூரையையே பாப்பா? ஆறாவது வரைக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில படிச்சேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சண்டை போடுறதுக்குத்தான் தொறந்தேன், நெசமா. அதுல அவரு செத்து மூணாம் நாள் எந்திரிச்சு வர்றாருல்ல? வந்து சீஷனுங்ககிட்ட கையக் காட்டுறாரு. கையில ஓட்டை அப்படியே இருக்கு. விலாவுல குத்துனது அப்படியே இருக்கு. எனக்கு ஒரே கோவம். என்னய்யா, சாவையே ஜெயிச்சியே, அந்த ஓட்டைய அடைச்சுக்கிட்டு வரக்கூடாதா? அதைப் போய் எல்லாருக்கும் காட்டிக்கிட்டு நிக்குறியேன்னு கத்துனேன். கத்திட்டு அப்படியே அழுதுட்டேன்.

அவரு மறைக்கலையேம்மா. நான்தான மறைச்சேன்.

அதுலேருந்துதான் எனக்கும் அவருக்கும் நெசமான பேச்சுவார்த்தை. வலி போகல. சில நாளு கக்கூசுக்குக் கூட தவழ்ந்துதான் போறேன். ஆனா அப்ப தனியா தவழல, அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா சொல்லத் தெரியாது. இதை எந்த மேடையிலயும் சொல்ல விடமாட்டாங்க, சொன்னா யாரும் கை தட்ட மாட்டாங்க. காலையில ரெண்டு மாத்திரை, சாயங்காலம் ரெண்டு. நன்றி ஆண்டவரேன்னு சொல்லித்தான் முழுங்குறேன். அந்த மாத்திரையும் அவரு குடுத்ததுதான், வேற யாரு குடுத்தா?

என்ன? அன்னிக்கு மேடையில மட்டும் எப்படி வலி போச்சுன்னா? ஒரு நாளாவது போச்சுல்ல, அது அற்புதந்தானன்னு கேக்குற. மைலோ ஆறுது பாரு, குடி.

அது ஊசிம்மா. ரெண்டு மணி நேரம் நாற்காலியில உக்காரணுமே, எப்படி உக்காருவேன்? பாசாருக்குப் போறேன்னு சொல்லிட்டு மத்தியானமே பகாவ் போய் கிளினிக்குல ஒரு ஊசி போட்டுக்கிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். ராத்திரி வரைக்கும் வலி தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு. தெரியல, அவ்வளவுதான். கைய வச்சப்ப எனக்கு அது தெரியுமான்னா, தெரியும். அரிசியத் தூக்குனப்பவும் தெரியும். பாஸ்டருக்குத் தெரியாது, குமுதவல்லிக்குத் தெரியாது, என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்தாளு மறுபடி குடிப்பாரோன்னு பயந்தே அஞ்சு வருசம் ஓட்டிட்டேன். வாயெடுத்துச் சொல்றது ஒங்கிட்டதான் மொதத் தடவ.

எங்க எந்திரிக்கிற? உக்காரு. கோவம் வருதா, வரட்டும், உக்காந்துகிட்டே கோவப்படு. திட்டணும்னா திட்டு, ஒனக்கு உரிமை இருக்கு. ஆனா பையத் தொற. மாத்திரைய எடு. மூடியத் திருக முடியலையா, குடு, நான் தொறக்குறேன். எத்தன போடணும்? சரி, அதோட நாளைக்கே டாக்டரப் போய்ப் பாத்து பதினோரு நாளு விட்டுட்டேன்னு சொல்லு. மறைக்காத. இந்தா, முழுங்கு. நல்லா தண்ணி குடி.

ஏன் ஒங்கிட்ட மட்டும் சொன்னேன்னு கேக்குறியா. ஒனக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு, போன மாசம். ரஞ்சிதான்னு பேரு, ரெம்பாவ் பக்கம். ஒன் வயசுதான் இருக்கும். சின்ன வயசுலேருந்து இனிப்பு நீராம், சக்கர வியாதி, நாலு வேளை வயித்துல ஊசி போட்டுக்குமாம். அதே வீடியோவக் காட்டுச்சு. நீ உக்காந்திருக்க அதே எடத்துலதான் உக்காந்து, அக்கா, நானும் விசுவாசத்துல ஊசிய நிறுத்திட்டேன், நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்கன்னு சொல்லுச்சு. நான் வாயத் தொறக்கல. தலையில கைய வச்சு ஜெபம் பண்ணி அனுப்பிட்டேன். வாசல்ல நின்னு கை கூட ஆட்டுனேன்.

இருபது நாளா அதோட நம்பருக்கு அடிக்கிறேன். யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க.

ஒன் நம்பர இந்தக் காலண்டர்ல எழுதிட்டுப் போ. எழுத முடியாதா, சொல்லு, நான் எழுதிக்கிறேன். நாளைக்குக் காலையில அடிப்பேன். நான் அடிச்சா நீ எடுக்கணும், என்ன?